அப்பா இறந்த வருஷத்துத் திராட்சை

அந்த பெஞ்சில் உட்காராதீங்க அண்ணாச்சி, ஒரு கால் ஆடும். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு அம்மா சரிந்து விழப் பார்த்தார்கள். இப்படி வாங்க. இந்தப் பக்கம் வாகை மரத்து நிழலும் இருக்கிறது. பதினொரு மணிக்குத்தான் சிஸ்டர் வந்து பெயர் கூப்பிடுவார்கள். அதுவரைக்கும் நம்மைப் போன்றவர்கள் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு கதவைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

உங்கள் பையனா? சுருட்டை முடி, முன்கையில் தேள் பச்சை குத்தியிருக்கும், அவனா? எட்டாம் கட்டில். ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். ஒன்பதாம் கட்டில் என் தம்பி. இன்னாசி என்று பெயர். இரண்டாவது தடவை சேர்த்திருக்கிறோம் என்று சொல்லும்போது நீங்கள் ஏன் குரலைத் தாழ்த்துகிறீர்கள்? குடியை நிறுத்த வைக்கிற இடத்தின் வாசலில் உட்கார்ந்துகொண்டு யார் யாரைப் பார்த்துச் சிரிக்க முடியும்?

நான் கஸ்பார். கஸ்பார் மச்சாடு. தூத்துக்குடி. இருபத்திரண்டு வருஷம் போர்த்துகலில் இருந்துவிட்டுப் போன நவம்பரில் திரும்பி வந்தேன். என் பேச்சு புத்தகம் வாசிக்கிற மாதிரி இருக்கிறது என்று தம்பி மனைவி பிரகாசி சொல்வாள். பேச ஆளில்லாமல் இத்தனை வருஷம் தமிழைப் படிக்க மட்டும் செய்தால் இப்படித்தான் ஆகும். அங்கே போர்த்துகீசியம் பேசினால், அதையும் பள்ளிக்கூடப் பையன் மாதிரிப் பேசுகிறேன் என்றார்கள். எந்த மொழியிலும் என்னால் சாதாரணமாக ஒரு விஷயத்தைச் சொல்ல முடிந்ததில்லை.

நான் குடிகாரன் இல்லை அண்ணாச்சி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே காத்திருக்கிற எல்லோரும் ஒருவரையொருவர் அப்படி ஒரு பார்வை பார்த்துக்கொள்கிறோம், அதனால் சொல்கிறேன். நான் சாப்பாட்டோடு ஒயின் எடுப்பவன். அது வேறு. சிஸ்டர்கூட எனக்கு ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள், கூட வருகிறவர்களும் நிரப்ப வேண்டுமாம், இருபது கேள்வி. இதோ, மடித்து வாளி மூடிக்கு அடியில் செருகியிருக்கிறேன். எண்ணெய் கசியாமல் இருக்கிறது பாருங்க.

ஒயின் என்றால் உங்களுக்கு என்ன தோன்றும்? கிறிஸ்துமஸுக்குத் திராட்சையும் சீனியும் கோதுமையும் கிராம்பும் போட்டு ஜாடியில் ஊற வைப்பார்களே, தெரியுமா? பாயசம் மாதிரி இனிக்கும். நான் சொல்வது அது இல்லை. போர்த்துகல் நம் தமிழ்நாட்டைவிடச் சின்ன நாடு. ஆனால் ஊருக்கு ஊர் ஒயின் வேறு. தெற்கே அலென்தேஜு, வெயில் காய்கிற பொட்டல், நம் கோவில்பட்டிப் பக்கம் மாதிரி. திராட்சை சீக்கிரம் கனிந்துவிடும், ஒயின் மெத்தென்று இருக்கும். கறுப்புப் பன்றிக் கறியும் கொத்தமல்லித் தழை போட்ட ரொட்டிக் கூழும் அதற்குச் சரி. ஆமாம், கொத்தமல்லித் தழைதான், நம்மைவிட அதிகம் போடுவார்கள். வடக்கே டோரு, படிப்படியாக வெட்டின மலை. அந்த ஒயின் கனம், நாக்கில் வந்து உட்கார்ந்தால் எழுந்திருக்காது. தாவ் என்று ஒரு மேட்டு நிலம், பாறை மண், சுற்றிலும் பைன் காடு, அதில் பூ வாசம் வரும். நான் இருந்தது பைராடா. கடலுக்குப் பக்கம், களிமண். அங்கே பாகா என்று ஒரு திராட்சை. சின்னது, தோல் தடிப்பு. மற்ற திராட்சையெல்லாம் பழுத்து, பறித்து முடித்து, மழை வருகிற நேரம் பார்த்துத்தான் அது பழுக்கும்.

அதன் ஒயினைப் புதிதாகக் குடித்தால் கொட்டைப்பாக்கைக் கடித்தது போல வாய் உள்ளே இழுத்துக்கொள்ளும். துவர்ப்பு. நாம் அதை அறுசுவையில் ஒன்றாக வைத்திருக்கிறோம். அங்கே வருகிற வெள்ளைக்காரர்களுக்கு அதைப் புரிய வைக்க நான் என் கன்னத்தை உள்பக்கமாக உறிஞ்சிக் காட்டுவேன். அதற்குக் கொழுப்பு வேண்டும் அண்ணாச்சி. பால்குடிப் பன்றியை முழுசாகச் சுட்டு, தோல் அப்பளம் மாதிரி நொறுங்கும்போது, வாயில் ஒட்டுகிற கொழுப்பை இந்தத் துவர்ப்பு வந்து கழுவிவிடும். புளிக்குழம்பு, மிளகாய்க் காரம், இதெல்லாம் ஆகவே ஆகாது. எரியும். எதோடு எது சேரும், எதோடு எது சேராது, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அதுதானே என் வேலை.

வேலை கொடுத்தது தோனா லூர்தஸ் என்று ஒரு அம்மாள். சாப்பாட்டுக் கடை வைத்திருந்தாள், பின்னால் ஆறு ஏக்கர் திராட்சைத் தோட்டம். நான் தட்டுக் கழுவப் போனவன். என் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "மச்சாடா! உன் தாத்தா எந்த ஊர்?" என்றாள். "தூத்துக்குடி" என்றேன். "அது எந்த ஜில்லாவில் இருக்கிறது?" என்று கேட்டாள், போர்த்துகலில்! அவளிடம் போய், எங்கள் கடற்கரையில் தெருவுக்குத் தெரு இந்தப் பெயர்கள்தான், உங்கள் ஆட்கள் ஞானஸ்நானம் கொடுத்துவிட்டுப் போனது என்று விளக்கினேன். கேட்டுவிட்டு, "அப்படியானால் நீ பாதி வீட்டுக்காரன், ஒயின் ஊற்று" என்று மேசைப் பக்கம் அனுப்பிவிட்டாள்.

பாகாவைப் பத்துப் பதினைந்து வருஷம் இருட்டில் படுக்க வைக்க வேண்டும். அப்புறம் துவர்ப்பு தணியும். காய்ந்த இலை, புகையிலை, பழைய மரப்பெட்டியைத் திறந்த வாசம் எல்லாம் வரும். முன்கோபிகள் வயதானதும் அடங்குவதில்லையா, அப்படி. எங்கள் அப்பா அப்படி அடங்கவில்லை. அதற்கு முன்னாலேயே போய்விட்டார்.

பதினாறு வருஷம் ஆயிற்று. செப்டம்பர் கடைசி. தோட்டத்தில் அறுவடை. மேகம் கட்டிக்கொண்டு வந்தது, எல்லோரும் வேகமாக வெட்டிக்கொண்டிருந்தோம். போன் வந்தது. இன்னாசி.

"அண்ணே, அப்பா போயிட்டாரு. எப்ப வாரீங்க?"

எனக்கு அப்போது அங்கே தங்குவதற்கான காகிதம் கைக்கு வரவில்லை. நாட்டை விட்டு வெளியே கால் வைத்தால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். அதைச் சொன்னேன். அலுவலகத்தில் எந்த வரிசையில் நிற்கிறேன், இன்னும் எத்தனை மாதம் ஆகும், எல்லாம் விவரமாகச் சொன்னேன்.

"எப்ப வாரீங்கன்னுதான் கேட்டேன்."

"வர முடியாதுல."

அவன் போனை வைத்துவிட்டான். நான் கத்தரியை எடுத்துக்கொண்டு மறுபடி வரிசைக்குள் போய்விட்டேன். மழை பிடித்துக்கொண்டது. ஆறு மணி வரைக்கும் நனைந்துகொண்டே வெட்டினேன். வேறு என்ன செய்திருக்க முடியும், சொல்லுங்க. குழி வெட்டினது, பெட்டி செய்தது, முப்பதாம் நாள் பூசைக்கு ஆள் சொன்னது எல்லாம் அவன். இருபத்தாறு வயது. அப்பா போன பிறகுதான் அவன் குடிக்க ஆரம்பித்தான் என்று பிரகாசி சொல்வாள். நான் அதை வெறும் தேதி என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

அந்த அறுவடை ஒயின் பாட்டிலுக்கு வந்தபோது தோனா லூர்தஸ் எனக்கு இரண்டு பாட்டில் கொடுத்தாள். "உன் அப்பாவுடையது" என்றாள். மூன்று வீடு மாறினேன், கல்யாணம் ஒன்று நடந்து முடிந்தும் போயிற்று, இரண்டு பாட்டிலும் என் கட்டிலுக்கு அடியிலேயே படுத்திருந்தன. திரும்பி வரும்போது பெட்டியில் சட்டைகளுக்கு நடுவே அவைதான். ஏர்போர்ட்டில் ஆளுக்கு இரண்டு லிட்டர் வரை விடுவார்கள், இரண்டு பாட்டிலும் சேர்ந்து ஒன்றரை லிட்டர்தான். என் தம்பியோடு உட்கார்ந்து, அப்பாவைப் பற்றிப் பேசி, அந்த ஒயினைக் குடிக்க வேண்டும். அதற்காகத்தான் வந்தேன் என்றுகூடச் சொல்லலாம். மன்னிப்பு என்கிற வார்த்தையை என்னால் வாயால் சொல்ல முடியாது அண்ணாச்சி. எனக்குப் பரிமாறத்தான் தெரியும்.

வந்த அன்று சாயங்காலம் பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தேன். அவன் பார்த்தான். கழுத்தில் உத்தரியம் தொங்குகிறது. மாதா படம் போட்ட சின்னத் துணி, கயிற்றில் கோத்து மார்பில் போட்டுக்கொள்வது எங்கள் வழக்கம். அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, அத உள்ள எடுத்து வைங்க."

"ஏலே, இது சாராயம் இல்லைல."

"தெரியும்ணே. உள்ள எடுத்து வைங்க."

பிரகாசிதான் பிறகு சொன்னாள். நாலு வருஷத்துக்கு முன்னால், கோயிலில் திருவிழாக் கொடி இறக்குகிற அன்று, கொடிமரத்தைப் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்திருக்கிறான். இனித் தொடமாட்டேன், ஒரு சொட்டுக்கூட உள்ளே போகாது என்று. அன்று போட்ட உத்தரியம் அது. அதற்குப் பிறகுதான் விசைப்படகில் மறுபடி டிரைவர் வேலை கொடுத்திருக்கிறார்கள். அவனும் சும்மா இல்லை, இருமல் மருந்து வாங்கினால்கூட மகளைக் கூப்பிட்டுச் சீட்டில் என்ன போட்டிருக்கிறது என்று வாசிக்கச் சொல்வான். கிறிஸ்துமஸுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து கேக் வந்தது. முகர்ந்து பார்த்துவிட்டு, பழத்தை ரம்மில் ஊறப்போட்டிருக்கிறார்கள் என்று தட்டை அப்படியே மகள் பக்கம் தள்ளிவிட்டான். நான் சிரித்தேன். "கேக் வெந்ததும் எல்லாம் ஆவியாப் போயிரும்ல. ஒண்ணும் மிஞ்சாது" என்றேன். "போயிருக்கும்ணே" என்றான். ஆனால் தொடவில்லை.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. குடிக்கத்தானே மாட்டான்?

பைராடாப் பக்கம் ஒரு கறி செய்வார்கள். கிழட்டு வெள்ளாடு. சும்மா வேக வைத்தால் பல் உடைந்துவிடும். அதைக் கறுப்பு மண்சட்டியில் போட்டு, தண்ணீரே விடாமல், சிவப்பு ஒயினை மூழ்க மூழ்க ஊற்றி, பூண்டு, பிரிஞ்சி இலை, பேருக்கு ஒரு மிளகாய், பன்றிக் கொழுப்பு சேர்த்து, விறகு அடுப்பின் உள்ளே அஞ்சாறு மணி நேரம் வைத்துவிடுவார்கள். எதிரிப் படை வந்தபோது கிணற்றிலெல்லாம் விஷம் கலந்துவிட்டதால் ஒயினில் சமைக்க ஆரம்பித்தோம் என்று அங்கே கதை சொல்வார்கள். உண்மையோ பொய்யோ. வெளியே வரும்போது சட்டிக்குள் கறி கன்னங்கரேலென்று இருக்கும், விரல் பட்டால் உதிரும்.

பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை செய்தேன். எங்கள் ஊரில் கிறிஸ்துமஸ் கேக்கை வீட்டில் கலக்கி, வேக வைக்க பேக்கரிக்குக் கொடுத்துவிடுவார்கள், விறகு அடுப்பு அங்கேதானே இருக்கிறது. நானும் அப்படி ஒரு பேக்கரியில் கேட்டேன். ரொட்டி எடுத்து முடித்த பிறகு சட்டியை உள்ளே தள்ளினார்கள். மத்தியானம் பன்னிரண்டிலிருந்து ஆறு வரைக்கும் அடுப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஒன்றரை பாட்டில் பிடித்தது. மீதி அரை பாட்டிலில் ஒரு டம்ளர் அளவு விட்டுவைத்துவிட்டு மற்றதை நான் ருசி பார்த்தேன். சமைக்கிறவன் ருசி பார்க்காமல் முடியுமா? அது கணக்கில் சேராது.

பதினாறு வருஷம் காத்திருந்த ஒயின் அண்ணாச்சி. துவர்ப்பு அடங்கி, பட்டு மாதிரி. எனக்கு அழுகை வந்தது. பேக்கரிக்காரர், "என்ன சார், புகை கண்ணுல அடிக்குதா?" என்றார்.

சட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பிரகாசி மூடியைத் தூக்கிப் பார்த்தாள்.

"என்னத்தான் இது, கறி இப்படிக் கறுத்துக் கெடக்கு? சுறாப் புட்டாவது வெள்ளையா இருக்கும்."

"நாளைக்குச் சாப்பிட்டுப் பாரு."

"வாசம் ஒரு மாதிரி இருக்கே."

"பிரிஞ்சி இலை" என்றேன்.

போட்டிருந்தேன்தானே. ஆறு இலை. பொய் இல்லையே.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து வந்து உட்கார்ந்தோம். நான்தான் பரிமாறினேன். சோறு வேண்டாம், ரொட்டி என்றேன். இன்னாசி முதலில் ஒரு விள்ளல் வைத்தான். மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

"அண்ணே, என்ன இது!"

"எப்படில இருக்கு?"

"ஆட்டுக்கறிதானா? வாயில வைக்கும் முன்ன கரையுது. ஏய் பிரகாசி, இருபது வருசமா நீ எனக்கு என்னத்த ஆக்கிப் போட்ட?"

"ஆமா, ரப்பர் செருப்பு. பேசாம தின்னுங்க."

"அண்ணன இங்கயே வச்சுக்கிடுவோம். படகுல வேலை இல்லாட்டியும் இவரு கடை போட்டா நான் டேபிள் தொடைப்பேன்."

மகள் சிரித்தாள். அவன் இரண்டாம் தடவை போடச் சொன்னான். மூன்றாம் தடவை கறி இல்லை, குழம்பு மட்டும், ரொட்டியால் தட்டைத் துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டான். விரலைச் சப்பினான். அப்பா அப்படித்தான் சப்புவார், பெருவிரலை முதலில். நான் ஊரை விட்டுப் போன நாளிலிருந்து எங்கள் இருவருக்கும் நடுவில் அப்படி ஒரு மத்தியானம் வந்ததே இல்லை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இப்போது சொல்லாவிட்டால் எப்போது சொல்வது?

"இன்னாசி" என்றேன். "அப்பா செத்த அன்னைக்கு நான் மழையில திராட்சை வெட்டிக்கிட்டிருந்தேன். உன் போன் வந்ததே, அப்ப. அந்தத் திராட்சைல எடுத்த ஒயின்தான் இது. ஒன்றரை பாட்டில். உனக்காகவே வச்சிருந்தேன்ல."

நான் என்ன எதிர்பார்த்தேன் என்றால், அவன் அழுவான், நானும் அழுவேன், அப்புறம் அப்பாவைப் பற்றிப் பேசுவோம். அவ்வளவுதான்.

அவன் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"இதுலயா?"

"எல்லாம் ஆவியாப் போயிருச்சு. எழுபத்தெட்டு டிகிரில சாராயம் ஆவியாயிரும், இது ஆறு மணி நேரம் கொதிச்சிருக்கு. அங்க சின்னப் பிள்ளைகளுக்கே இதைக் குடுப்பாங்க. நான் உனக்கு..."

"அண்ணே" என்றான். கோபமே இல்லை குரலில். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. "உங்க டிகிரி எல்லாம் சரியாத்தான் இருக்கும். நான் கொடிமரத்துக்கிட்ட டிகிரி சொல்லிச் சத்தியம் பண்ணலியே."

எழுந்து போய்க் கை கழுவினான். நன்றாக, சோப்புப் போட்டு. உத்தரியத்தைத் தலைவழியாகக் கழற்றி, காலண்டர் மாட்டியிருந்த ஆணியில் தொங்கவிட்டான். பிரகாசி, "என்னங்க... என்னங்க..." என்று பின்னாலேயே போனாள்.

"நாலு வருசம் அஞ்சு மாசம்" என்று அவளிடம் சொன்னான். "ஒடைஞ்சு போச்சு பிரகாசி. ஒடைஞ்சது ஒடைஞ்சதுதான?" செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டான். மணி இரண்டு இருக்கும். மகள் வாயில் வைத்ததைத் தட்டிலேயே துப்பினாள்.

பிரகாசி என் முன்னால் வந்து நின்றாள். "மொதல்லயே ஏன் அத்தான் சொல்லல?"

"யாரும் கேக்கலியே" என்றேன்.

அந்த நேரத்தில் அதுதான் வாயில் வந்தது. அவள் கத்தவில்லை. நிதானமாகச் சொன்னாள்: "மொதல்லயே சொல்லியிருந்தா அவரு தொட்டிருக்க மாட்டாரு. கடைசி வரைக்கும் சொல்லாம இருந்திருந்தா தின்னுட்டுப் படுத்துத் தூங்கியிருப்பாரு. ரெண்டுக்கும் நடுவுல கொண்டாந்து நிறுத்திட்டீங்களே."

நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி. இதில் என் தப்பு எது? சமைத்ததா, சொன்னதா? இரண்டில் ஒன்று என்றால் எது என்று தெரிந்தால்கூடப் போதும், அதைப் பிடித்துக்கொண்டு அழலாம். நான் கெடுதல் நினைத்தேனா? படித்துப் பார்த்துவிட்டுத்தானே செய்தேன்? அவன் உடம்புக்குள் போனது ஒன்றுமில்லை, நான் எந்த டாக்டர் முன்னாலும் சொல்வேன். அந்தக் கறியைத் தின்று யாரும் குடிகாரன் ஆக மாட்டான். ஆனால் அவன் ஆகிவிட்டான்.

மறுநாள் மத்தியானம் தேடிக் கண்டுபிடித்தேன். மதுக்கடையை ஒட்டின பாரில், மூலையில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி இழுத்துப் போட்டான். மரியாதை குறையவே இல்லை. இன்னொரு பிளாஸ்டிக் டம்ளரில் ஊற்றித் தண்ணீர் கலந்து என் முன்னால் வைத்தான்.

"குடிங்கண்ணே. ரெண்டு பேரும் சேந்து குடிக்கணும்னுதான வந்தீங்க."

"இன்னாசி, வீட்டுக்கு வா. பிரகாசி..."

"இருங்க. இதுக்கு என்ன சேரும், அதச் சொல்லுங்க. உங்களுக்குத்தான் தெரியுமே, எதுக்கு எது சேரும்னு. ஊறுகாயா? சுண்டலா? பக்கத்து டேபிள்ல மாங்கா வச்சிருக்கான் பாருங்க."

பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? யாரிடமும் இதைச் சொன்னதில்லை. நான் யோசித்தேன் அண்ணாச்சி. நிஜமாகவே யோசித்தேன். கரும்புச் சாராயம், இனிப்பு வாசம், தொண்டையில் எரிச்சல், மேலே ஏதாவது மந்தமாக வேண்டும் என்று.

"அவிச்ச முட்டை" என்றேன். "மிளகு போட்டு."

"பாத்தீங்களாடா" என்று இன்னாசி எல்லோரையும் பார்த்துக் கை தட்டினான். "எங்கண்ணன்! வெளிநாட்டுப் படிப்பு!" பையனைக் கூப்பிட்டு இரண்டு முட்டை வாங்கினான். ஒன்றை எனக்கு உரித்துக் கொடுத்தான். சின்னப் பிள்ளையாக இருக்கும்போது நான் அவனுக்கு உரித்துக் கொடுப்பேன். அவன் ஊற்றின டம்ளரைக் கீழே வைக்க எனக்கு மனசு வரவில்லை. அவனைத் தனியாகக் குடிக்க விடக்கூடாது என்றுதான் குடித்தேன். அன்று முழுக்க அவனோடுதான் இருந்தேன். ஒரு அண்ணன் வேறு எப்படித் துணை இருக்க முடியும்?

பதினோராம் நாள் மீன்பிடித் துறைமுகத்துப் படியில் விழுந்து கிடந்தான். படகுக்காரர் வேறு டிரைவர் போட்டுவிட்டார். பிரகாசியும் மகளும் ஆட்டோவில் ஏற்றி இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். நானும் ஆட்டோவில் ஏறப் போனேன். "நீங்க வேண்டாம் அத்தான்" என்று பிரகாசி சொல்லிவிட்டாள். இப்போது நான் தனியாக ஒரு மாடி அறையில் இருக்கிறேன். கடையில் கிடைக்கிற ஒயின் இனிப்புத் தண்ணீர். ஆனாலும் என்ன செய்வது, அது ஒரு பாட்டில் இல்லாவிட்டால் சோறு இறங்குவதில்லை.

பார்க்கிற நாள் புதனும் ஞாயிறும். புதன் அவள் வருவாள். ஞாயிறு நான் வருகிறேன். என்னைப் பார்க்க மாட்டேன் என்று முதல் வாரமே சிஸ்டரிடம் சொல்லிவிட்டான். சரி, சாப்பாடாவது போகட்டும் என்று கொடுத்துவிட்டேன். முதல் ஞாயிறு அயிரை மீன் குழம்பு. போன ஞாயிறு கோழி. இரண்டும் மூடி திறக்காமலே திரும்பி வந்தன. "உங்க கையால வர்ற எதையும் திங்க மாட்டாராம். என்ன போட்டிருக்கும்னு தெரியாதாம்" என்றார்கள் சிஸ்டர். தயங்கித் தயங்கித்தான் சொன்னார்கள், பாவம்.

இன்றைக்கு ஆட்டுக்கறி. அன்று எப்படிச் சாப்பிட்டான் என்று சொன்னேனே. அந்த ருசி அவன் நாக்கில் இருக்கும். அதே சட்டி, அதே பேக்கரி. ஒயின் கிடையாது. சத்தியமாகக் கிடையாது. இதோ, வாட்ச்மேன்கூட முகர்ந்து பார்த்துத்தான் உள்ளே விட்டார்.

அதோ, கதவு திறந்தாயிற்று. உங்கள் பெயரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள் போல, சிஸ்டர் இந்தப் பக்கம் பார்க்கிறார்கள். அண்ணாச்சி, ஒரு உதவி. உங்கள் பையன் எட்டு, என் தம்பி ஒன்பது. கை நீட்டினால் எட்டுகிற தூரம். இந்த வாளியையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போங்களேன். உங்கள் வீட்டில் சமைத்தது என்று சொல்லுங்க. பையனுக்குக் கொண்டுவந்தேன், நிறைய இருக்கிறது, நீயும் ரெண்டு வாய் சாப்பிடு தம்பி என்று சொன்னால் போதும். ரொட்டி தனியாகப் பொட்டலம் கட்டியிருக்கிறேன். அவன் மரியாதை தெரிந்தவன், பெரியவர் கொடுத்தால் மறுக்க மாட்டான்.

என்ன போட்டிருக்கிறேனா? பூண்டு, பிரிஞ்சி இலை, மிளகாய். புளிப்புக்கு இரண்டு கரண்டி வினிகர். வினிகர்தான் அண்ணாச்சி. அந்த பாட்டிலில் ஒரு டம்ளர் மிச்சம் வைத்திருந்தேனே, மூடி சரியாக இல்லாமல், நம்ம ஊர் வெக்கையில் அதுவே புளித்து வினிகர் ஆகிவிட்டது. இப்போது அது ஒயினே இல்லை. வேறு பொருள். எந்த டாக்டர் முன்னாலும் சொல்வேன். அப்பா இறந்த வருஷத்துத் திராட்சை, சாக்கடையில் ஊற்ற எனக்குக் கை வரவில்லை, அவ்வளவுதான்.

கூப்பிடுகிறார்கள் பாருங்க. பிடிங்க அண்ணாச்சி, ஏன் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறீர்கள்? சூடு ஆறிவிடப் போகிறது. அவன் ஒன்றும் கேட்க மாட்டான். கேட்டால்தானே சொல்ல வேண்டும்?